காயில் கார் நிரம்பியிருக்கக் கூடாது

கேள்வி இதுதான். மாடல் ரயிலில் எச்ஓ அளவில், அதாவது 87-இல் 1 பங்கு அளவில், 100 டன் காயில் கார் ஒன்று, அதாவது எஃகுத் தகட்டுச் சுருள் ஏற்றும் சரக்கு வண்டியின் மாடல் ஒன்று, வாங்கியிருக்கிறீர்கள். உங்கள் லேஅவுட், அதாவது மாடல் ரயில் ஓடும் அமைப்பு, காட்டுவது 1978-ஆம் ஆண்டின் அமெரிக்காவில் வடமேற்கு இண்டியானா, ஓடுவது கான்ரெயில் என்ற ரயில் கம்பெனி. வண்டியின் இரண்டு மூடிகளில் ஒன்றைக் கழற்றி வைத்து, உள்ளே எஃகுச் சுருள் தெரிகிற மாதிரி காட்ட ஆசைப்பட்டீர்கள். பிளாஸ்டிக் சுருள் 9 வாங்கி, வெள்ளிப் பெயின்ட் அடித்து, ஒன்றை ஒன்று ஒட்டி வரிசையாக அடுக்கினீர்கள். எல்லாம் இருந்தும் விளையாட்டுச் சாமான் மாதிரி தெரிகிறதே, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் வேலையாக அந்த ஒன்பதில் ஐந்தை எடுத்துவிடுங்கள். வெள்ளிப் பெயின்ட் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். அடிப்படைக் கோளாறு எண்ணிக்கையில்தான் இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். நடுத்தரமான ஹாட் ரோல்டு, அதாவது சூட்டில் உருட்டிய, காயில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெளிவிட்டம் 1800 மி.மீ., நடுவில் இருக்கும் கண்ணின் விட்டம் 762 மி.மீ., அகலம் 1200 மி.மீ. இதில் இருக்கும் எஃகு சுமார் 2.5 கன மீட்டர். ஒரு கன மீட்டர் எஃகு 7,850 கிலோ. ஆக, ஒரு காயில் 19.7 டன். ஒன்பதும் சேர்ந்தால் 177 டன். வண்டியின் பெயரில் இருக்கும் 100 டன் அமெரிக்க டன். ஒன்றுக்கு 907 கிலோதான். நம் டன் கணக்கில் வண்டி தாங்குவது 90 டன். அந்தக் காலத்தில் நான்கு அச்சு வண்டி, தன் எடையும் சரக்கும் சேர்த்து 2,63,000 பவுண்டு வரை போகலாம். அது 119 டன். வண்டியின் சொந்த எடை சுமார் 30 டன்னைக் கழித்தால் மிச்சம் அதே 90-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். நான்கு காயில் 79 டன். ஐந்தாவதை ஏற்றினால் 98. ஏற்ற விடமாட்டார்கள்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போகும்போது டிரெய்லர் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். அவ்வளவு நீள டிரெய்லரில் ஒரு காயிலோ இரண்டோ சங்கிலி போட்டுக் கட்டியிருக்கும், மற்ற இடமெல்லாம் வெறுமையாகக் கிடக்கும். பார்க்கிற யாரும் லாரி காலியாகப் போகிறது என்று நினைப்பதில்லை. அந்தக் காலி இடத்தாலேயே சரக்கின் பாரம் நமக்குத் தெரிகிறது. ரயில் வண்டியிலும் அப்படித்தான். நிலக்கரி வண்டி விளிம்பு வரை நிரம்பும், தானிய வண்டி நிரம்பும். காயில் கார் நிரம்புவதற்குள் எடை முடிந்துவிடும். உங்கள் மாடலில் காயில் எவ்வளவு இடத்தை விட்டுவைக்கிறதோ அவ்வளவுக்கு அது எஃகாகத் தெரியும்.

சரி, நான்கையும் எங்கே வைப்பது? எடை வண்டியின் இரண்டு முனைகளுக்கும் சமமாகப் பிரிய வேண்டும். நான்கு சக்கரம் பூட்டிய சட்டத்தை அமெரிக்காவில் டிரக் என்பார்கள். நம் ரயில்வேயில் அதற்குப் போகி என்று பெயர். ஒவ்வொரு டிரக்கின் பக்கமாகவும் இரண்டு காயில், நடுவில் நல்ல இடைவெளி. இப்படி வைத்தால் பார்த்தவுடன் கண் ஏற்றுக்கொள்ளும்.

இதில் உங்களுக்கு ஒரு லாபமும் இருக்கிறது. ஒரு மூடி வண்டியின் மேலேயே இருக்கப் போகிறது. அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இரண்டே காயில். ஒன்பதுக்குச் செலவழிக்க நினைத்த நேரத்தை அந்த இரண்டில் போடுங்கள். வேலையின் தரமே வேறாகிவிடும்.

காயிலை எந்தத் திசையில் படுக்க வைப்பது என்பதிலும் பலர் தவறுகிறார்கள். காயில் கார்களில் இரண்டு குடும்பம் உண்டு. ஒன்றில், வண்டியின் நீளவாக்கில் வி வடிவப் பள்ளம் ஓடும். காயில் அந்தப் பள்ளத்தில் படுக்கும். கண் வண்டியின் முனைகளைப் பார்க்கும். இன்னொன்றில் பள்ளங்கள் குறுக்காக, ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். அதில் காயிலின் கண் பக்கவாட்டில், அதாவது பார்க்கிற நம்மை நோக்கி இருக்கும். உங்களுடையது முதல் வகை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் கண் முனையைத்தான் பார்க்க வேண்டும். கண் வானத்தைப் பார்க்கிற மாதிரி காயிலை நிறுத்தி வைத்த மாடல்களையும் பார்த்திருக்கிறேன். குறுகலாக வெட்டிய சின்னச் சுருள்களைப் பலகை மேல் அப்படி அனுப்புவது உண்டு. ஆனால் 20 டன் காயிலுக்கு இந்த வண்டியில் அது பொருந்தாது. பள்ளம் எதற்கு இருக்கிறதோ அந்த வேலையே நடக்காது.

நீளவாக்குப் பள்ளத்தில் காயில் உருளாது. ஆனால் வண்டிகள் மோதிச் சேரும்போது பள்ளத்தோடு வழுக்கும். அதைப் பிடித்து நிறுத்தக் குறுக்கே தடுப்புச் சட்டங்கள் இருக்கும். பள்ளத்தின் இரு விளிம்புகளிலும் வரிசையாகத் துளை போட்ட இரும்பு ஓடும். காயிலின் அகலத்துக்கு ஏற்ப சட்டத்தை நகர்த்தி, துளையில் பின் செருகிப் பூட்டுவார்கள். ஒவ்வொரு காயிலுக்கும் முன்னும் பின்னும் ஒரு சட்டம் வேண்டும். பல மாடல்களில் இந்தச் சட்டங்கள் வார்ப்போடு சேர்ந்தே சமதூரத்தில் வந்துவிடுகின்றன. உங்களுடையதில் அப்படி இருந்தால் திறந்த பக்கத்தில் மட்டும் செதுக்கி எடுத்துவிட்டு, 1.5 மி.மீ. ஸ்டைரீன் பிளாஸ்டிக் சட்டத்தில் புதிதாகச் செய்து காயிலை அணைத்து வையுங்கள். சும்மா கிடக்கும் சட்டம் ஒன்றிரண்டை வண்டியின் முனைப் பக்கம் தள்ளி வைத்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

இனி காயில் செய்யும் வேலை. எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இது.

நான் சொன்ன காயிலை 87-ஆல் வகுத்தால் வெளிவிட்டம் 20.7 மி.மீ., கண் 8.8 மி.மீ., அகலம் 13.8 மி.மீ. கடையில் வாங்கும் பிளாஸ்டிக் சுருளில் அளவு சரியாக இருந்தாலும் ஓரம் ஏமாற்றிவிடும். நிஜக் காயிலில் நூற்றுக்கணக்கான சுற்றுகள் இருக்கின்றன. 2.5 மி.மீ. தகடு என்றால் அந்த ஒரு காயிலுக்குள் 830 மீட்டருக்கு மேல் நீளம் சுருண்டு கிடக்கிறது. கால் மீட்டர் கனமான, எட்டரை மீட்டர் நீளமான இரும்புப் பாளம் ஒன்று சிவக்கச் சிவக்க உருளைகளுக்குள் நுழைந்து, மெலிந்து மெலிந்து, அவ்வளவு நீளமாகி, கடைசியில் சுருட்டப்படுகிறது. அந்தச் சுற்றுகள் ஒன்றுக்கொன்று இம்மியளவு முன்பின்னாக இருக்கும். மழமழவென்று இருக்காது. இந்த ஒழுங்கின்மையை வார்ப்பில் கொண்டுவருவது கஷ்டம். சுற்றினால்தான் வரும்.

அதனால் நானும் சுற்றுகிறேன். கடைகளில் பில் போடும் தாள் ரோல் இருக்கிறதே, அதுதான் என் பொருள். மெல்லியது, நீளமாகக் கிடைக்கும், விலையும் அதிகமில்லை. அதை 13.8 மி.மீ. அகலத்தில் ஒரே சீராக வெட்டுவதற்கு ஒரு பலகை செய்துகொண்டேன். பலகையில் ஒரு நேரான மரச் சட்டத்தை ஒட்டி, அதிலிருந்து சரியாக 13.8 மி.மீ. தள்ளி புது பிளேடு ஒன்றைச் செங்குத்தாகக் குத்தி நிறுத்தினேன். தாளின் ஓரத்தைச் சட்டத்தோடு அணைத்துப் பிடித்து இழுத்தால், ரோல் அவிழ அவிழ நாடா வெட்டிக்கொண்டே வரும். ஒரே வேகத்தில் இழுக்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் அந்த இடத்தில் பிசிறு விழும், பிறகு காயிலின் முகத்தில் அது பல்லைக் காட்டும். முழுக் காயிலுக்கு ஏறக்குறைய 5 மீட்டர் நாடா பிடிக்கும். சாதாரண ஜெராக்ஸ் தாள் இன்னும் கனம் என்பதால் 2.8 மீட்டர் போதும். ஆனால் ஒட்டுப்போட வேண்டும், சுற்றுகளும் தடியாகத் தெரியும்.

8.8 மி.மீ. விட்டமுள்ள உருளை எதுவானாலும் சரி, அதன்மேல் இறுக்கமாகச் சுற்றுங்கள். ஸ்கெட்ச் பேனாக்களில் இந்த அளவு கிடைக்கும். வெர்னியரை எடுத்துக்கொண்டு வீட்டில் தேடினால் ஒன்று அகப்படும். முதல் சுற்றுக்குக் கீழே மெழுகுத் தாள் ஒன்று வைத்தால் பிறகு பேனா சுலபமாகக் கழலும். சுற்றும்போது ஓரங்களை மேசையில் தட்டிச் சமப்படுத்தாதீர்கள். விரல் நகத்தால் லேசாகத் தள்ளிக்கொண்டே போனால் சில சுற்றுகள் உள்ளே போகும், சில வெளியே வரும். அரை மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். அதற்கு மேல் போனால் ஆலையில் திருப்பி அனுப்பிய காயில் மாதிரி இருக்கும். கடைசிச் சுற்றின் முனையை மட்டும் கொஞ்சம் பசை தொட்டு ஒட்டி, அந்த இடத்தைப் பள்ளத்தின் அடிப்பக்கம் திருப்பி வைத்துவிடுங்கள். முகங்களில் நீர்த்த வெள்ளைப் பசையை ஒரு கை பூசிக் காயவிட்டால் உறுதியாகிவிடும். மூச்சுப் பிடித்துச் செய்கிற வேலை. முதல் காயில் ஒரு மணி நேரம் எடுக்கலாம், மூன்றாவது இருபது நிமிடத்தில் முடிந்துவிடும்.

இப்படி முழுக்கத் தாளிலேயே நான் செய்த முதல் காயில் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. எடை 3 கிராம். நிஜக் காயிலின் எடையை அதே விகிதத்தில் குறைத்தால் 30 கிராம் வர வேண்டும். ஓட விட்டுப் பார்த்ததில் வண்டி லேசாகி, தண்டவாளம் பிரியும் டர்ன்அவுட்டில் ஏறும்போதெல்லாம் குலுங்கியது. அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில் சங்கம் எச்ஓ வண்டிகளுக்கு ஒரு எடை பரிந்துரைக்கிறது: 1 அவுன்ஸ், அதோடு வண்டியின் நீளத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். 50 அடி வண்டி நம் அளவில் 6.9 அங்குலம். ஆக சுமார் 126 கிராம் வர வேண்டும். சமையலறைத் தராசில் உங்கள் வண்டியை இப்போதே நிறுத்துப் பாருங்கள்.

குறையும் எடையைக் காயிலுக்குள்ளேயே வைத்துவிடலாம். சாதாரண எம்8 வாஷரின் உள்விட்டம் 8.4 மி.மீ., வெளிவிட்டம் 16 மி.மீ., கனம் 1.6 மி.மீ. எட்டு வாஷரை அடுக்கினால் 12.8 மி.மீ. உயரம் வரும், 14 கிராமுக்கு மேல் எடை வரும். காயிலின் கண்ணும் கிட்டத்தட்ட அப்படியே அமைந்துவிடுகிறது, ஏதோ இதற்காகவே செய்து வைத்த மாதிரி. அடுக்கை ஒட்டி, அதன்மேல் 20.7 மி.மீ. வரும்வரை நாடாவைச் சுற்றுங்கள், 2.5 மீட்டர் போதும். நாடா வாஷர் அடுக்கைவிட இரு பக்கமும் அரை மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டு நிற்கும். கண்ணில் படக்கூடிய முகத்தில் மட்டும், 0.5 மி.மீ. ஸ்டைரீனில் வளையம் வெட்டி, காம்பஸ் முள்ளால் வட்டம் வட்டமாகக் கீறி அந்தக் குழியில் பதித்துவிடுங்கள். பக்கத்துக் காயிலைப் பார்த்து நிற்கும் முகத்துக்கு எதுவும் வேண்டாம். குறுக்குப் பள்ள வண்டி என்றால் இந்தக் குறுக்குவழி சரிப்படாது. அதில் முகம் நேராக நம்மைப் பார்க்கும், முழுக்கச் சுற்றிய காயில்தான் வைக்க வேண்டும், எடையை வண்டியின் தரைக்கு அடியில் ஒளிக்க வேண்டும்.

மூடியின் கீழும் அதே எடையை வைக்க மறக்காதீர்கள். இரண்டு காயிலில் 29 கிராம் என்றால் அந்தப் பக்கமும் நட்டோ ஈயத் துண்டோ 29 கிராம். இல்லாவிட்டால் வண்டி ஒரு முனையில் அழுந்தி ஓடும்.

இப்போது நிறம். வெள்ளிப் பெயின்ட் உங்கள் வண்டியைக் கெடுத்ததில் இரண்டாவது காரணம். எஃகு என்றதும் நமக்குப் பாத்திரக் கடை ஞாபகம் வந்துவிடுகிறது. ஹாட் ரோல்டு காயில் வெள்ளி நிறமே கிடையாது. சூட்டில் உருளும்போது மேலே படியும் ஆக்சைடு செதிலால் அது நீலம் கலந்த கருஞ்சாம்பலாக இருக்கும். ஓரங்களில் சீக்கிரமே செம்பழுப்புத் துரு ஏறும். அமிலத்தில் கழுவி எண்ணெய் பூசியது மங்கிய சாம்பல். சூடாக்காமல் மறுபடி உருட்டிய கோல்டு ரோல்டு பளபளப்பானது, ஆனால் அதுவும் எண்ணெய்ப் பூச்சோடுதான் வரும். பெரும்பாலும் தாள் சுற்றி, ஓரங்களுக்குத் தகட்டுக் காப்புப் போட்டு அனுப்புவார்கள். துத்தநாகம் பூசிய ஜிஐ காயில்தான் இவற்றில் வெளிச்சமானது.

எந்தக் காயிலுக்கு மூடி அவசியம் என்பதும் இதிலேயே இருக்கிறது. கோல்டு ரோல்டு, ஜிஐ இரண்டும் ஈரம் பட்டால் கெட்டுவிடும். மோட்டார் கார் உடம்புக்குப் போகிற தகட்டில் ஒரு கறைகூட ஆகாது. கருப்புச் செதிலோடு இருக்கும் ஹாட் ரோல்டு எப்படியும் இன்னொரு ஆலையில் அமிலக் குளியல் போடப் போகிறது. கொஞ்சம் துரு ஏறினாலும் பெரிய நஷ்டமில்லை. அதைக் கொண்டோலா என்ற, மேலே மூடியில்லாத பெட்டி வண்டியில்கூட அனுப்பினார்கள். உங்கள் வண்டி மூடி போட்டது, மூடி கழற்றியிருப்பது கொட்டகைக்குள் என்று வைத்துக்கொண்டால், தாள் சுற்றிய ஒன்றும் சுற்றாத ஒன்றுமாக வைக்கலாம் என்று தோன்றும். என் யோசனை, இரண்டையும் ஒரே சரக்காகவே வையுங்கள். ஒரு வண்டியில் ஒரே வாடிக்கையாளருக்கான சரக்கு போவதுதான் வழக்கமாகத் தெரியும். கலந்து வைத்தால் காட்சிப் பொருள் மாதிரி ஆகிவிடும்.

கோல்டு ரோல்டு என்றால் இடைச் சாம்பல் நிறத்தை முதலில் அடித்து நன்றாகக் காயவிடுங்கள். பிறகு பென்சிலைச் சீவி வரும் கரித்தூளை விரலில் தொட்டு, சுற்றிய திசையிலேயே தேய்க்க வேண்டும். உலோகப் பெயின்ட் எதிலும் வராத ஒரு மினுக்கம் இதில் வரும். தூள் சுற்றுகளின் விளிம்பில் மட்டும் பிடித்துக்கொண்டு, பள்ளங்களை விட்டுவிடும்; அப்போது முகத்தில் அத்தனை சுற்றும் தனித்தனியாக எழுந்து நிற்கும். இதற்கு மேல் வார்னிஷ் அடிக்கக் கூடாது, மினுக்கம் செத்துவிடும். ஹாட் ரோல்டு என்றால் அடி நிறத்தைக் கருநீலச் சாம்பலாக்கி, ஓரங்களில் மட்டும் நீர்த்த துருப் பழுப்பைத் தொட்டு வையுங்கள்.

காயிலைக் கட்டும் எஃகுப் பட்டையை விட்டுவிடாதீர்கள். சுற்றிலும் இரண்டு அல்லது மூன்று, கண் வழியாக நுழைந்து வெளியே வருவதாக ஒன்றிரண்டு. நிஜத்தில் ஒன்றேகால் அங்குல அகலம். நம் அளவில் 0.4 மி.மீ.க்குள். கருப்பு நிற ஒட்டுநாடாவைக் கண்ணாடி மேல் ஒட்டி, இரும்பு ஸ்கேல் வைத்து மயிரிழையாக வெட்டினால் கிடைக்கும்.

வண்டியின் உடம்புக்கு வருவோம். பள்ளத்தின் சரிவுகளில் பல வண்டிகளுக்குக் கெட்டி மரப் பலகை பதித்திருப்பார்கள், எஃகு எஃகோடு உரசாமல் இருக்க. அந்த இடத்தை வண்டியின் நிறத்திலேயே விட்டுவிடாமல் எண்ணெய் ஊறிய பழுப்புச் சாம்பலாக்குங்கள். காயில் உட்காரும் கோட்டில் நசுங்கித் தேய்ந்த அடையாளம் தெரியட்டும். 100 டன் வண்டிக்குச் சக்கரம் 36 அங்குலம், 70 டன்னுக்கு 33. எச்ஓ-வில் அது 10.5 மி.மீ., 9.6 மி.மீ. மலிவான மாடல்களில் எல்லா வண்டிக்கும் 33 அங்குலச் சக்கரத்தையே பூட்டிவிடுவார்கள். வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லைதான். ஆனால் அருகில் வேறு 100 டன் வண்டி நிற்கும்போது நம் வண்டி மட்டும் குறுகிப்போய்த் தெரியும். அப்புறம் கப்ளர், வண்டிகளை இணைக்கும் கொக்கி. காயில் நகராமல் இருக்க இந்த வண்டிகள் பலவற்றில் அதிர்ச்சி தாங்கும் குஷன் அமைப்பு உண்டு; அதனால் கப்ளர் சாதாரண வண்டியைவிட முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். வண்டிகளுக்கு நடுவில் இடைவெளி அதிகமாகத் தெரிகிறதே என்று உள்ளே தள்ளிப் பொருத்திவிடாதீர்கள், அது அப்படித்தான் இருக்க வேண்டும்.

இந்த வண்டிக்கு ஒரு வயது இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். அகலமான தகட்டை நிற்காமல் உருட்டித் தள்ளும் ஆலை 1920-களில் கெண்டக்கி மாநிலத்தின் ஆஷ்லாண்டில் ஜான் டைட்டஸ் என்ற பொறியாளரின் கையில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அந்தச் சுருளுக்கென்றே ஒரு வண்டி வர இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. அதுவரை கொண்டோலாவில் மரத் தொட்டில் அமைத்து, மேலே ஏதாவது போட்டு மூடித்தான் அனுப்பினார்கள். மூடி போட்ட காயில் கார் 1960-களின் குழந்தை. பென்சில்வேனியா ரயில்வே அவற்றை ஜி41 என்று கொண்டோலா வரிசையிலேயே சேர்த்தது. ஜி என்ற எழுத்து அவர்களிடம் கொண்டோலாவுக்கானது. உங்கள் 1978-க்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. இதைப் படிக்கும் யாராவது நீராவி எஞ்சின் காலத்து 1950 லேஅவுட் வைத்திருந்தால், காயில் காரைத் தொடாமல் கொண்டோலாவில் தொட்டில் செய்து இரண்டு மூன்று காயில் வையுங்கள். அதுவே அந்தக் காலத்துக்குப் பொருத்தம்.

இப்போது மூடிகள். ஒரு காயில் காரை நூறு வண்டிகளுக்கு நடுவில் அடையாளம் காட்டுவது அவைதான். கிரேன் வந்து இரண்டு மூடிகளையும் தூக்கி ஓரமாக வைக்கும், காயில் இறங்கும், கிரேன் மறுபடி ஒரு மூடியை எடுத்து வண்டியில் வைக்கும். அது அதே வண்டியின் மூடியாக இருக்க வேண்டும் என்று யாரும் மெனக்கெடுவதில்லை, அளவு பொருந்தினால் போதும். ஒரே மாதிரி வண்டிகள் நான்கு வரிசையில் நின்றால் மூடிகள் கலந்துவிடும். பழுப்பு வண்டியில் ஒரு பச்சை மூடி, ஒரு பழுப்பு மூடி. ஒரு கம்பெனி வண்டியில் இன்னொரு கம்பெனியின் சின்னம். அமெரிக்க ரயில் பார்த்தவர்களுக்கு இது சகஜமான காட்சி.

உங்கள் காலத்தில் இது இன்னும் சுவையாக இருக்கும். பென்சில்வேனியா ரயில்வேயும் நியூயார்க் சென்ட்ரலும் 1968-இல் இணைந்து பென் சென்ட்ரல் ஆயின. அது நொடித்துப்போய், 1976 ஏப்ரல் 1 அன்று வேறு சில ரயில்வேக்களோடு சேர்ந்து கான்ரெயிலுக்குள் வந்தது. இரண்டே வருடத்தில் எல்லா வண்டியையும் புதுப் பெயின்ட் அடித்துவிட முடியாது. ஆகவே 1978-இல் ஒரே வண்டியில் மூன்று கம்பெனியின் சரித்திரத்தைக் காட்டலாம்: உடம்பு பழைய பென்சில்வேனியா, அதில் எழுத்தை மட்டும் மறைத்துப் புது எண்; ஒரு மூடி பென் சென்ட்ரல் பச்சை; இன்னொன்று கான்ரெயில் பழுப்பு. என்னிடம் யாராவது ஒரே ஒரு காயில் கார்தான் செய்யலாம் என்றால் இதைத்தான் செய்வேன்.

ஒரு எச்சரிக்கை உண்டு. மூடிகள் மாறுவது ஒரே வடிவமைப்புக்குள்தான். வளைந்த முதுகு கொண்ட மூடியும், மடிப்பு மடிப்பான கோணல் முதுகு கொண்ட எவன்ஸ் வகை மூடியும் வேறு வேறு வண்டிக்கானவை. வால்தர்ஸ் என்ற மாடல் கம்பெனி வண்டியின் மூடியை ரெட் கபூஸ் என்ற இன்னொரு கம்பெனி வண்டியில் வைத்துப் பார்க்க ஆசை வரும்; அகலமும் முனைகளும் பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள். பொருந்தாததை ஒட்டி வைத்தால் பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

மூடிக்கு அழுக்கு ஏற்றும்போது கிரேனை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தூக்கும் கொக்கி மாட்டும் இடங்களில் பெயின்ட் உரிந்து துரு வழிந்திருக்கும். கீழ் விளிம்பில் தரையிலும் வண்டியிலும் இடித்த சிராய்ப்பு இருக்கும். வண்டியின் உடம்புக்குச் சக்கரத்திலிருந்து தெறிக்கும் சேறு, மூடிக்கு ஆலைப் புகையும் மழையும். இரண்டுக்கும் ஒரே அழுக்கு அடித்தால் ஒரே வார்ப்பாகத் தெரியும். மூடிகள் கலந்தவை என்றால் அவற்றுக்குள்ளும் அழுக்கில் வித்தியாசம் வேண்டும். பென் சென்ட்ரல் மூடி பத்து வருட வெயில் பார்த்தது, கான்ரெயில் மூடி நேற்று அடித்தது.

1978-க்கான சின்னச் சின்ன அடையாளங்கள் சில. வண்டிப் பக்கத்தில் பல வண்ணக் கோடுகள் கொண்ட ஒரு பட்டை, வண்டியின் எண்ணைத் தானாகப் படிக்கும் முறைக்காக 1967-இல் வந்தது, 1977-இல் கைவிட்டார்கள். உங்கள் வண்டியில் அது இருக்கலாம், ஆனால் யாரும் துடைக்காமல் அழுக்கேறி இருக்க வேண்டும். 1978-இல் ஒரு வகை 33 அங்குலச் சக்கரத்தில் கோளாறு என்று சோதனை நடந்தது; சோதித்து அந்தச் சக்கரம் இல்லை என்று தெரிந்த வண்டிகளில் கருப்புச் சதுரத்துக்குள் மஞ்சள் புள்ளி வைத்தார்கள். எழுத்தும் சின்னமும் ஒட்டுவதற்கான டெக்கல் தாளில் அந்தப் புள்ளி இருக்கிறதே என்று 36 அங்குலச் சக்கரம் பூட்டிய உங்கள் 100 டன் வண்டியில் ஒட்ட வேண்டாம். 70 டன் வண்டி ஏதாவது இருந்தால் அதில் ஒட்டலாம். மஞ்சள் ஒளிப்பட்டைகள் 2005-க்குப் பிறகு வந்தவை. உங்கள் மாடலில் அச்சாகியிருந்தால் வண்டியின் நிறத்தை மேலே பூசி மறைத்துவிடுங்கள்.

வண்டி எங்கிருந்து எங்கே போகிறது என்றும் கேட்டிருந்தீர்கள். 1978-இல் வடமேற்கு இண்டியானாவில் சரக்குக்குப் பஞ்சமே இருக்கவில்லை. மிச்சிகன் ஏரிக் கரையில் கேரியில் யுஎஸ் ஸ்டீல், ஈஸ்ட் சிகாகோவில் இன்லாண்ட் ஸ்டீல், பர்ன்ஸ் ஹார்பரில் பெத்லகேம் ஸ்டீல் என்று அப்போது வரிசையாக ஆலைகள் இருந்தன. காயில் அங்கிருந்து கிழக்கே மிச்சிகன், ஒஹாயோ மாநிலங்களின் கார் தொழிற்சாலைகளுக்கும் தகடு வெட்டும் கிடங்குகளுக்கும் போகும். ஒரு வழிதான் சரக்கு, திரும்பும்போது காலி. காலியாகத் திரும்பினாலும் மூடிகள் மேலேதான் இருக்கும். அதனால் உங்கள் மற்ற காயில் கார்கள் இரண்டு திசையிலும் மூடியோடு ஓடலாம், உள்ளே எதுவும் செய்யத் தேவையில்லை. திறந்த இந்த ஒரு வண்டிக்கு மட்டும் ஆலைக் கொட்டகைக்குள் நிரந்தர இடம் கொடுத்துவிடுங்கள். திறந்த வண்டியை மெயின் லைனில் ஓட்டினால் இவ்வளவு வேலையும் வீணாகிவிடும்.

கொட்டகைக்குள் மேல்நிலை கிரேனில் காயிலைத் தூக்குகிற மாதிரி காட்டுவதானால், இரு பக்கமும் கை இறங்கிக் கண்ணுக்குள் நுழைந்து பிடிக்கும் இடுக்கியைச் செய்யுங்கள். ஒரு பக்கமாக நாக்கு நுழையும் சி வடிவக் கொக்கிக்கு, அந்த நாக்கின் நீளத்துக்குப் பக்கத்தில் காலி இடம் வேண்டும். நீளவாக்குப் பள்ளத்தில் இரண்டு காயில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது அது போக வழியிருக்காது. இடுக்கியின் கைக்குக்கூடக் கொஞ்சம் இடம் வேண்டும். அதனால் காயில்களுக்கு நடுவில் 8 மி.மீ.யாவது விடுங்கள். ஒரு காயில் பள்ளத்திலிருந்து 20 மி.மீ. மேலே தொங்கட்டும், மற்றது பள்ளத்தில் இருக்கட்டும். தொங்குவதை முழுக்கத் தாளிலேயே சுற்றிய 3 கிராம் காயிலாக வைத்தால் நூல் தாங்கும். அந்த முனைக்கான எடையைத் தரைக்கு அடியில் வைத்துவிடலாம்.

கழற்றிய மூடியைத் தரையில் நேரடியாக வைக்காமல் இரண்டு தீக்குச்சிகளின் மேல் வையுங்கள். தீக்குச்சி 2 மி.மீ. தடிமன், நிஜ அளவில் 17 செ.மீ. மரக்கட்டை, கிரேன் ஆட்கள் மூடிக்கு அடியில் போடுவதும் கிட்டத்தட்ட அதே அளவுதான். மருந்து முனையை வெட்டிவிட்டு, நீர்த்த கருப்பு மையில் தோய்த்துக் காயவையுங்கள். பிளாஸ்டிக் மூடியின் விளிம்பு கனமாகத் தெரியும் என்பதால், கீழ் ஓரத்தை உட்பக்கமாக மட்டும் உப்புத்தாளில் சரிவாகத் தேய்த்துவிடுங்கள்; தரையில் இருக்கும்போது தகடு மாதிரி மெல்லியதாகத் தெரியும். மூடி வண்டிக்கு இணையாக, கொஞ்சம் கோணலாக இருக்கட்டும். அந்தப் பச்சை மூடியைக் கீழே வைத்து, பழுப்பை வண்டியிலேயே விடுங்கள். அடுத்த தண்டவாளத்தில் நிற்கும் வண்டிக்குத்தான் அந்தப் பச்சை போகப்போகிறது என்று பார்க்கிறவருக்கே தோன்றும்.